நாற்பத்தைந்து நாள் குளிர்

கொடைக்கானல் நர்சரிக்காரர் போனில் சிரித்தார்.
"மண்டபமா? அங்கே உப்புதானே விளையும்!"
ஆனாலும் அனுப்பிவைத்தார்.
மதுரையில் பஸ் மாறி,
டிரைவர் காலடியில் ஈரச் சாக்குக்குள் உட்கார்ந்து
வந்து இறங்கியது ஜப்பான் மேப்பிள்.
முழங்கால் உயரம். எண்ணிப் பார்த்தேன்,
முப்பது இலை.

எங்கள் மணலில் பாதி சிப்பி; இதற்கு ஆகாது.
தென்னைநார்த் தூளை மூன்று தரம் அலசி
நாக்கில் வைத்துப் பார்த்து
கரிப்பு போனபின் தொட்டியில் இட்டேன்.
போர்த் தண்ணீர் சொட்டும் கூடாது என்றிருந்தார்.
பேங்க் ஏடிஎம்மின் பின்சுவரில்
ஏசி சொட்டும் இடத்தில்
பெயின்ட் வாளி ஒன்றை வைத்தேன்.
"பணம் எடுக்க வர்றியா, தண்ணி எடுக்க வர்றியா?"
காவலாளி வில்வநாதன் தினமும் கேட்பான்.
சம்பளம் ஏறாதவர்கள் உள்ளே விட்ட பெருமூச்சு
குளிர்ந்து சொட்டியதைத்தான்
என் செடி குடித்தது.

நண்டுக்கு நொறுக்கு ஐஸ் வாங்க வரும் கித்தேரியாள்
கூடையை இறக்கிவைத்துப் பார்த்தாள்:
"புளிச்சக்கீரைதானே? ரெண்டு கொத்து கிள்ளிக்கவா?"

மரைன் போலீஸ் இருவருக்கு வேறு சந்தேகம்.
போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு
இலையின் விரல்களை எண்ணினார்கள்.
"அதுக்கும் ஏழுய்யா, இதுக்கும் ஏழு."
முகர்ந்தார்கள். ஒன்றுமில்லை.
முதலாளி நாகூர்கனி ஓடிவந்தார்:
"கிறுக்கன் சார் இவன். கடத்தல்காரன் இல்ல."

ஆனியில் கச்சான் எழுந்தது.
தகரக் கூரையைத் தட்டிய கையோடு
இலைகளையும் தொட்டது.
விரல் நுனி ஒவ்வொன்றிலும் பீடி சுட்ட கருப்பு.
கிழிந்த வலையை நாலாய் மடித்துக் கட்டினேன்.
நிழல் வந்தது; உப்பு வலைக்கண் வழியே
வந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு அந்த மனிதர் சொன்னார்:
"அதுக்குத் தூக்கம் வேணும்.
குளிர் இல்லாம தூங்காது.
தூங்காம ரெண்டு வருஷம் தாங்கும். அப்புறம் செத்துடும்."

மார்கழி விடியலிலும் இங்கே
போர்வையைத் தேடிப் பழக்கமில்லை.
ஆனால் நான் கம்ப்ரசர் ஓட்டுகிறவன்.
குளிர் என் தொழில்.
செத்த மீன் அழுகாதிருக்க
ராத்திரி முழுக்கக் குளிர் செய்கிறேன்.
உயிருள்ள ஒன்று உறங்க
கொஞ்சம் எடுத்தால் யார் கேட்பார்கள்?

பாளம் அடுக்கும் அறைக்கு முன்னால்
ஒரு சிற்றறை. ஆறு டிகிரி.
அமோனியா வாடை, அணைக்காத டியூப்லைட்.
அங்கே தொட்டியை வைத்தேன்.

பதினாறாம் நாள் சந்தியாகு கூப்பிட்டான்.
போய் நின்றேன்.
அவன் ஒரு இலையை விரலால் நிமிர்த்தினான்,
மீன் வாங்குகிறவன் செவுளைத் திறப்பதுபோல்.
உள்ளும் புறமும் சிவப்பு.
"புதுசுண்ணே," என்றான்.

அவ்வளவு சிவப்பைப் பார்க்க
நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.
அவனுக்குக் கை விறைத்தது. வேலைக்குப் போய்விட்டான்.

உதிர்ந்ததைப் பொறுக்கினேன். இருபத்தொன்பது.
ஒன்று யாருடைய ரப்பர் பூட்ஸிலோ ஒட்டி
தண்ணீர்க் கேனுக்குள் விழுந்திருக்க வேண்டும்.
மூன்று நாள் கழித்து
கடலுக்குப் போய்வந்த இன்னாசிமுத்து
டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான்:
"பாளத்தை உடைச்சா உள்ள சின்னதா ஒரு கை.
சிவப்புக் கை.
தொட்டுக் கும்பிட்டுக் கடல்ல விட்டோம்.
அன்னிக்குப் பாடு நல்லாத்தான் இருந்துச்சு."
நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தைந்து நாள் முடிந்து வெளியே வந்தது
ஒரு குச்சி.
மாசி முழுக்கக் குச்சி.
நாகூர்கனி பார்க்கிறபோதெல்லாம் பேச்சை மாற்றினார்.

இப்போது தடைக்காலம்.
படகுகள் வரிசையாய்க் கட்டிக் கிடக்கின்றன.
கம்ப்ரசர் நின்றுவிட்டது; எனக்கு அரைச் சம்பளம்.
குச்சியில் பதினொரு இலை.
ஒன்று இன்னும் மடிப்புப் பிரிக்கவில்லை.

வாளி எடுக்கப் போனேன்.
ஏடிஎம் கதவில் பணம் இல்லை என்று அட்டை தொங்குகிறது.
உள்ளே யாரும் இல்லை.
ஏசி ஓடுகிறது.
வாளி பாதிக்குக் கொஞ்சம் மேலே.